ஹாகி மாட்சா கிண்ணம்: அடியில் ஈரம், மழைக்காலத்தில் பூஞ்சை வாடை. என்ன செய்வது?

கமாயுட் வாசி (கேள்வி)

வணக்கம். கிண்ணம் ஜப்பானில் ஹாகி ஊரில் கையால் செய்தது, மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியை அடித்துக் குடிப்பதற்கு. வாய் அகலம் 12 செ.மீ., உயரம் 8 செ.மீ. வெளிர் பழுப்பு நிறம், உள்ளே கிளேஸ் (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) முழுக்க மெல்லிய கோடுகள். மாட்சா அடித்துப் பத்து நிமிடம் வைத்தால் மேசையில் வட்டமாக ஈரம் படிகிறது. கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை. ரங்கூன் மழை தெரியும்தானே, எதுவும் காய்வதில்லை. விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு சில்லும் பெயர்ந்திருக்கிறது.

கசிவது விரிசலா, மண்ணின் குணமா? அரிசிக் கழுநீரில் கொதிக்க வைத்தால் அடைபடும் என்கிறார்கள், செய்யலாமா? சில்லை எதை வைத்து அடைப்பது?

துவாண்டே மண்

பெரும்பாலும் மண்ணின் குணம்தான். ஹாகியில் 1604 வாக்கில் கொரியாவிலிருந்து வந்த குயவர்கள் தொடங்கிய தொழில் இது. அவர்கள் வழியில் வரும் மண் மணல் கலந்தது. சூளையில் வெந்தும் முழுதாக இறுகாது, உள்ளே நுண்துளைகள் நிற்கும். கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குவதால் அந்தக் கோடுகள் விழுகின்றன. தேநீர் கோடு வழியே இறங்கி, கிளேஸ் பூசாத அடிவளையத்தில் வந்து சேர்கிறது. ரங்கூன் பக்கத்துத் துவாண்டேயில் செய்யும் மண் தண்ணீர்ப் பானை வியர்ப்பதும் இதே காரணத்தால்தான். வருடக்கணக்கில் தேநீர் ஊறி நிறம் மாறுவதை 'ஹாகியின் ஏழு மாற்றம்' என்று ஜப்பானில் விரும்பியே வாங்குகிறார்கள்.

ஆனாலும் விரிசல் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த கிண்ணத்தை வெள்ளை டிஷ்யூ தாளின் மேல் வைத்து, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். வளையம் முழுக்க ஒரே சீராக நனைந்தால் நுண்துளை. ஓர் இடத்தில் மட்டும் சொட்டினாலோ, வெளிச்சுவரில் ஒரே கோடாக ஈரம் ஏறினாலோ விரிசல். தட்டிப் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. ஹாகி மண் நல்ல நிலையிலும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

கழுநீர் முறை சரிதான்:

கிண்ணம் மூழ்கும் அளவு பாத்திரம் எடுத்து, அடியில் ஒரு துணியை மடித்துப் போடுங்கள். அரிசியின் முதல் கழுநீர், கெட்டியானது, பச்சையாகவே ஊற்றுங்கள். கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் வைத்த பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும். கொதிக்கும் நீரில் இறக்கினால் வெடிக்கும். சிறு தீயில் 20 முதல் 30 நிமிடம், தளதளவென்று கொதிக்காமல். பிறகு அடுப்பை அணைத்து, அதே நீரில் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். மாவுச்சத்து துளைகளுக்குள் வெந்து கெட்டிப்படும், அதுதான் அடைப்பு. வழுவழுப்பு போகும்வரை வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள்.

ராகு என்ற இன்னொரு ஜப்பானிய வகைக் கிண்ணத்துக்கு இதைச் செய்யவே கூடாது. அது குறைந்த சூட்டில் சுட்ட மென்மையான மண், வேகவைத்தால் போய்விடும்.

பசுண்டாங் அக்கா

தம்பி துவாண்டே சொன்ன முறை சரி, ஆனால் காலம் சரியில்லை. இந்த மழையில் கழுநீர் வேண்டாம். சுவருக்குள் இறங்கிய மாவுச்சத்து காயாமல் நின்றால் புளிக்கும், பூஞ்சைக்கு அதுவே தீனி. இப்போதுள்ள வாடை இரண்டு மடங்காகும். தீபாவளி கழிந்து காற்று காய்ந்த பிறகு செய்யுங்கள்.

இப்போதைக்கு வெறும் நல்ல தண்ணீரில், மேலே சொன்னபடி குளிர்ந்த நீரிலிருந்து தொடங்கி 20 நிமிடம் சூடாக்கி அதிலேயே ஆறவிடுங்கள். வாடை மிச்சமிருந்தால் புதுத் தண்ணீரில் மறுபடி. குளோரின் பிளீச், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டும் தொடாதீர்கள். மண் உறிஞ்சிக்கொண்டு அடுத்த தேநீரில் திருப்பித் தரும். சீக்கிரம் காயட்டும் என்று மைக்ரோவேவில் வைப்பதும் ஆபத்து. உள்ளே நிற்கும் நீர் ஆவியாகிச் சுவரைப் பிளக்கும்.

உண்மையான வேலை உலர்த்துவதில்தான். கிண்ணத்தை மேசையில் அப்படியே கவிழ்த்தால் உள்ளே காற்று ஓடாது. இரண்டு மூங்கில் குச்சிகளை இணையாக வைத்து அதன்மேல் கவிழ்த்து வையுங்கள், அடிவளையம் மேலே திறந்திருக்கும். மின்சாரம் இருக்கும் நேரம் ஃபேன் காற்று போதும். காய்ந்ததா என்று கை சொல்லாது, தராசு சொல்லும். வெயில் காலத்தில் நன்றாகக் காய்ந்தபோது எடை பார்த்துக் குறித்துவைத்தால், கழுவிய பிறகு அந்த எடைக்குத் திரும்பும்வரை பெட்டிக்குள் வைக்காமல் இருக்கலாம். மழை முடியும்வரை திறந்த அலமாரியில் இருப்பதே மேல்.

ஒவ்வொரு முறையும் குடிக்குமுன் வெதுவெதுப்பான நீரில் 5–10 நிமிடம் ஊறவையுங்கள். துளைகள் முதலில் நல்ல நீரால் நிரம்பிவிட்டால் தேநீர் அவ்வளவாக இறங்காது. மூங்கில் மத்தும் அதே நேரத்தில் ஊறட்டும், காய்ந்த முனை ஒடியும். பிறகு சலித்த மாட்சா 2 கிராம், 80 டிகிரி நீர் 70 மி.லி. குடித்தவுடன் கழுவுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் தேநீரோடு சேர்ந்து கோடுகள் கறுக்கும், அதனால் 20 லிட்டர் கேன் தண்ணீரே நல்லது.

பகான் அரக்கு

சில்லு விஷயம். எபாக்ஸி பசையில் பொன்நிறப் பொடி கலந்து விற்பதை வாய் படும் விளிம்பில் வைக்காதீர்கள். உடைந்ததை அரக்கும் பொன்பொடியும் வைத்துச் சரிசெய்யும் ஜப்பானியக் கின்ட்சுகி முறைக்கு உருஷி என்ற மரப்பால் அரக்கு வேண்டும். அது காய்வதற்கு ஈரம் தேவை: 20–30 டிகிரி சூடு, 70–85 சதவீத ஈரப்பதம். ஜப்பானில் இதற்காகவே ஈரப்பெட்டி வைக்கிறார்கள், அரக்குப் பட்டறைகள் உள்ள நம் பகானில் நிலத்தடி அறையில் வைக்கிறார்கள். ரங்கூன் மழைக்காலத்தில் மூடிய அட்டைப்பெட்டியே போதும்.

முதலில் கிண்ணம் முழுதாகக் காய வேண்டும். ஹாகி மண் அரக்கை உறிஞ்சி, சில்லைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். ஆகவே சுற்றுப்புறத்தை டேப்பால் மறைத்துவிடுங்கள். நுண்ணிய களிமண் பொடியைச் சில துளி நீரில் குழைத்து, அரக்கு சேர்த்துப் பசையாக்கி மெல்லிய படலமாக வையுங்கள். ஒரேயடியாகத் தடித்து வைத்தால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரமாகவே நிற்கும். ஒவ்வொரு படலமும் இறுகிய பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்த்து அடுத்தது. கடைசியில் மெல்லிய அரக்குக் கோடு, அது ஒட்டும் பதத்தில் பொன்பொடி. வாரக்கணக்கில் ஆகும்.

கமாயுட் வாசி

நன்றி அக்கா, அண்ணன்மாரே. டிஷ்யூ சோதனையில் வளையம் சீராகத்தான் நனைந்தது. பகான் அண்ணே, உருஷிக்குப் பதில் நம் பர்மிய மர அரக்கு, தித்சி, ஆகுமா?

பகான் அரக்கு

ஆகும், அதுவும் அதே குடும்பத்து மரம்தான். உருஷியைவிட மெதுவாகக் காயும், நிறம் கறுப்பு. அரக்கில் சாம்பல் கலந்த தயோ என்ற பசை பகான் பட்டறைகளில் தயாராகவே இருக்கும், சில்லுக்கு அது போதும். மாங்காய்ப் பால் பட்டுக் கை தடிக்கும் உடம்பு என்றால் நீங்கள் தொடாதீர்கள், இரண்டு அரக்கும் அதே தடிப்பைத் தரும். கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். தோலில் பட்டால் உடனே சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு.