கலைச்சொல்: 'கிளர்புலம்' (ஆண்களுக்கான பாலியல் நலக் கைந்நூல்)

அன்பின் நண்பர்களுக்கு,

தொட்டால் பாலுணர்வு எழும் உடலிடங்களுக்கு வரைவில் 'காமத்தூண்டல் வலயம்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 'கிளர்புலம்' என்று வைப்போம் என்பது என் முன்மொழிவு. வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> வலயம் நமக்குப் பழகிய சொல்தானே?

பழகியதுதான், ஆனால் கல்வி வலயம், வர்த்தக வலயம் என்று எல்லை கட்டிய இடங்களுக்கு. உடலில் அந்த எல்லை இல்லை. ஆண்குறியின் மொட்டும், அதன் கீழ்ப்புறத்தில் முன்தோல் பொருந்தும் மடிப்பும் மிகக் கூர்மையாக உணரும். விதைப்பை, தொடையின் உட்புறம், விதைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட பகுதி என்று போகப்போக உணர்வின் தன்மை மாறிக்கொண்டே இருக்கும். காந்தப்புலம் படித்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும்: புலம் ஓரிடத்தில் வலுத்து, தள்ளிப்போனால் மெலியும். தவிர, புலம் என்றால் இடம், புலன் இரண்டும்தான். இங்கே நமக்கு இரண்டு பொருளும் வேண்டும்.

> தூண்டல் என்பதில் என்ன பிழை, அண்ணா?

தூண்டல் என்றதும் துலங்கல், அதாவது அதற்கான உடலின் பதில், தானாக வரவேண்டும் என்று ஆகிவிடுகிறது, தங்கச்சி. லெவின், மெஸ்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முலைக்காம்பைத் தொடுவது கிளர்வைத் தருகிறது அல்லது கூட்டுகிறது என்று சொன்ன இளம் ஆண்கள் 51.7 வீதம். மற்றப் பாதிப்பேருக்கு உடலில் குறை ஒன்றும் இல்லை. தொடுபவர் யார், மனம் எப்படி இருக்கிறது, எவ்வளவு மெதுவாகத் தொடுகிறார் எல்லாம் சேர்ந்ததுதான் கிளர்வு. உரோமமுள்ள தோலில் மென்மையான வருடலுக்கென்றே மெல்லிய நரம்பிழைகள் உண்டு; வினாடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேக வருடலுக்குத்தான் அவை நன்றாக இசையும். பிடரியும் முதுகும் அவசரக் கைக்கு ஒன்றும் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். கைந்நூலில் இந்தப் பத்தியைச் சுருக்கவேண்டாம். கணவன் மனைவி இருவருக்கும் அதிகம் உதவப்போவது இதுதான்.

> கிளர்ச்சி என்றால் இந்த நாட்டில் வேறு அர்த்தம்.

நியாயமான மறுப்பு. இலங்கையில் பத்திரிகைகள் ஆயுதப் போராட்டத்துக்கு அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தின என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'கிளர்புலம்' வினைத்தொகை. கிளர்ந்த, கிளர்கின்ற, கிளரும் புலம் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். அதனால்தான் இந்தச் சொல்லை இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போரில் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு) காயப்பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த ஆண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கழுத்து, காது மடல், உணர்வு முடிகிற எல்லையை ஒட்டிய தோல் ஆகியவை புதிதாகக் கிளரத் தொடங்குவது மருத்துவம் அறிந்த செய்தி. "உங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது" என்று கேட்டுக் கேட்டே வாழும் ஒருவர் இந்தக் கைந்நூலைத் திறந்தால், இனிக் கிளரக்கூடிய இடத்துக்கும் அதில் ஒரு பெயர் இருக்கவேண்டும்.

> காமம் என்ற சொல்லை ஏன் விடவேண்டும்? குறளில் இல்லாததா?

குறளில் அது உயர்ந்த சொல்தான். ஆனால் இன்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து, வைத்தியரிடம் 'காமத்தூண்டல்' என்று வாய் திறந்து சொல்லக்கூடிய ஐம்பது வயது ஆணை எனக்குத் தெரியாது. முதல்முறை வரும்போது 'பாலுணர்வுக் கிளர்புலம்' என்று முழுதாக எழுதுவோம், அப்புறம் கிளர்புலம் போதும்.

முன்னிற்கும் சுரப்பியையும் (புரொஸ்டேட்) சேர்ப்பதா என்று தம்பி கேட்டிருந்தார். சேர்க்கலாம். அது உடலுக்குள்ளே, மலக்குடலின் முன்சுவரை ஒட்டி இருக்கிறது. அழுத்தினால் சிலருக்கு இன்பம், சிலருக்கு அசௌகரியம் மட்டும். புலம் தோலோடு நின்றுவிடும் சொல் அல்ல என்பதால் இங்கேயும் பொருந்தும்.

சரி, பதிவுக்கான வரைவு இது:

கிளர்புலம் (பெ.): விருப்பத்தோடு தொடப்படும்போது பாலுணர்வை எழுப்பக்கூடிய உடலிடம், ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும். பன்மை: கிளர்புலங்கள்.

'விருப்பத்தோடு' என்ற சொல்லை யாரும் வெட்டவேண்டாம். மற்றதை எல்லாம் திருத்துங்கள்.