மும்பையில் சூரியன் கடலில் விழுவதை எங்கே பார்த்தீர்கள்?

முலுண்ட் மாப்பிள்ளை:

நாகப்பட்டினத்திலிருந்து மாமனார் வந்திருக்கிறார். வந்த அன்றைக்கே ஒரு விண்ணப்பம் வைத்தார். "மாப்ள, அறுபத்தெட்டு வயசாச்சு, சூரியன் கடல்ல எந்திரிக்கிறதத்தான் பாத்திருக்கேன். உங்க ஊர்ல கடல்ல விழுமாமே, அத ஒருதரம் பாத்துப்புடணும்."

மும்பையில் கடல் மேற்கே இருக்கிறது, இதற்கென்ன யோசனை என்று சனிக்கிழமை சாயங்காலம் கிர்காவ் சௌபாட்டிக்குக் கூட்டிப்போனேன். மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். பேல்பூரி வாங்கினோம். சூரியன் அழகாகச் சிவந்து, மெதுவாக இறங்கி, மலபார் ஹில்லில் ஓர் அடுக்குமாடிக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டது. மாமனார் கையில் பேல்பூரித் தாளோடு கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். அப்புறம், "கடலுக்கு எப்ப வரும்?" என்றார்.

வராது மாமா என்று எப்படிச் சொல்வது? பதினொரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், இதை ஒருநாளும் கவனித்ததில்லை. அடுத்த திங்கட்கிழமை அவருக்கு ரயில். அதற்குள் ஒரு நல்ல இடம் சொல்லுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், நீங்களே போய்ப் பார்த்ததை மட்டும்.

நரிமன் பாயின்ட் குமாஸ்தா:

சௌபாட்டியில் எந்த மாதம் போனாலும் இதே கதைதான். அந்த மணல் தெற்கைப் பார்த்துக் கிடக்கிறது, மேற்கே மலபார் ஹில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. டிசம்பரில்கூட மலையைத் தாண்டிச் சூரியன் கடல் பக்கம் வராது.

மெரைன் டிரைவ் கடற்கரைச் சாலையையே விடவேண்டாம், சௌபாட்டியிலிருந்து தெற்கே நடங்கள். சர்ச்கேட் தாண்டி நரிமன் பாயின்ட் முனை வரைக்கும் போனால் எதிரே திறந்த கடல். எனக்கு ஆபீஸ் அங்கேதான். பதினாறு வருஷமாக ஆறு மணி டீயோடு அந்தச் சுவரில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. டிசம்பரில் சூரியன் நன்றாக இடப்பக்கம் தள்ளி விழும், ஜூனில் வலப்பக்கம். கையை நீட்டிச் சாண் பிடித்துப் பாருங்கள், இரண்டு சாணுக்கும் மேலே நகர்ந்திருக்கும். அதனால் சர்ச்கேட் நேர் எதிரில் குளிர்காலத்தில் கடலில் விழுகிற அதே சூரியன், மே கடைசியில் மலைக்குப் பின்னால் போய்விடும். இடத்தைக் கேட்டால் மாதத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும். நேரமும் அப்படித்தான். நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கே கதை முடிந்துவிடும், ஜூலைத் தொடக்கத்தில் ஏழு இருபது ஆகும். ஆனால் ஜூலையில் இங்கே சூரியனை யார் பார்த்தார்கள், மேகத்தைத்தான் பார்க்கலாம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். இடம் சரியாக இருந்தாலும் இப்போதெல்லாம் குளிர்காலம் முழுக்கப் புகைமூட்டம். கடலைத் தொடுவதற்கு முன்பே, நான்கு விரல் உயரத்தில், சூரியன் பாலில் போட்ட வெல்லம் மாதிரி கரைந்துவிடும். மழை விட்டு அக்டோபர் பிறந்ததும் வரும் முதல் இரண்டு வாரம்தான் சுத்தமான வானம். மாமனாரை அப்போது மறுபடி வரச்சொல்லுங்கள்.

மாட்டுங்கா மாமி:

நான் கல்யாணமாகி இங்கே வந்தது 1978ல். அன்றிலிருந்து எங்களுக்கு அஸ்தமனம் என்றால் தாதர் சௌபாட்டிதான். மாட்டுங்காவிலிருந்து பக்கம், கூட்டமும் ஜுஹு மாதிரி மேலே வந்து விழாது. பிளாஸ்கில் டிகிரி காபி எடுத்துக்கொண்டு, சிவாஜி பார்க்கில் ஒரு சுற்று நடந்துவிட்டு மணலுக்குப் போய்விடுவோம்.

2009 ஜூன் 30ந்தேதி பாந்த்ரா வொர்லி சீ லிங்க்கைத் திறந்தபோது எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. அதுவரைக்கும் கண்ணுக்கு எட்டின தூரம் கடலாக இருந்த இடத்தில் ஐந்தரை கிலோமீட்டருக்கு ஒரு பாலத்தைக் குறுக்கே இழுத்துவைத்தால்? ஆனால் ஒரு மார்ச் மாதம் மாஹிம் கடற்கரையில் நின்றபோது பார்த்தேன், சூரியன் சரியாகப் பாலத்தின் பெரிய தூணுக்குப் பின்னால் இறங்கியது. அரிவாள்மணையில் பறங்கிக்காய் நறுக்கினாற்போல அந்தக் கம்பிகள் அதைக் கீற்றுக் கீற்றாக அரிந்து கீழே விட்டன. எங்காத்து மாமா, "உனக்கு எதைப் பார்த்தாலும் சமையல்தான்" என்றார். சரி, எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இப்போது மார்ச்தானே, கூட்டிக்கொண்டு போய்ப் பாரேன். ஓதம் ஏறி, கடல் மேலே வந்திருந்தால் உட்கார மணல் மிஞ்சாது. வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது.

பேண்ட்ஸ்டாண்ட் பேயிங் கெஸ்ட்:

மாமி ஓதம் என்றதும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த புதிது. கடலென்றால் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற ஆள் நான். பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் எல்லோரும் பாறைகள் மேல் நடந்து போகிறார்களே என்று நானும் போனேன். நல்ல தட்டையான கரும்பாறை, கடைசி வரைக்கும் போய் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சூரியன் இறங்கி முடிந்து திரும்பினால், வந்த வழியைக் காணவில்லை. எனக்கும் கரைச் சுவருக்கும் நடுவே தண்ணீர். முதலில் கணுக்கால் அளவு போலத்தான் இருந்தது, கால் வைத்ததும் முழங்காலுக்கு மேல். பாசி வழுக்கி விழுந்து, ஒரு செருப்பு போயிற்று, போன் உப்புத்தண்ணீர் குடித்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கரையேற்றிவிட்டு, ஹிந்தியிலும் மராத்தியிலும் மாற்றி மாற்றித் திட்டினார். பாதிதான் புரிந்தது, பாதியே போதுமானதாக இருந்தது.

மீன் வாங்கப் போகும் இடத்தில், கோலி என்கிற மீனவ சமூகத்து ஆயி ஒருவர் பிறகு கணக்குச் சொல்லித்தந்தார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் உச்சி வேளைக்கு ஓதம் ஏறும், சாயங்காலம் வற்றிவிடும். அஷ்டமி, நவமி வந்தால் தலைகீழ், சாயங்காலம்தான் தண்ணீர் ஏறும். நம் வீட்டுத் தினசரிக் காலண்டரே போதும். இப்போது நான் திதி பார்த்துத்தான் சூரியன் பார்க்கப் போகிறேன். அம்மா கேட்டால் பூரித்துப்போவார்.

தாராவி திருநெல்வேலி:

எல்லாரும் கடலையே சொல்லுதீங்க. எங்க தாத்தா காலத்திலிருந்து தாராவிதான். எங்களுக்கு மொட்டைமாடிதான் மெரைன் டிரைவ். ஏழு மாடிக் கட்டடம், லிப்ட் ஓடினால் அதிர்ஷ்டம். மேலே கறுப்புத் தண்ணித்தொட்டி நிழலில் நின்று மேற்கே பார்த்தால், முதலில் தகரக்கூரை, அப்புறம் நீல தார்ப்பாய், அதற்கும் அப்பால் மாஹிம் ஓடைப் பக்கத்துப் பச்சை, ரயில் பாதை, அதன்மேல் சூரியன்.

பொங்கல் அன்றைக்குப் பார்க்கவேண்டும். காலையில் நைன்ட்டி பீட் ரோடு பக்கம் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கியிருப்பார்கள், புகை வாசம் சட்டையிலேயே இருக்கும். அதே நாள் இங்கே மகர சங்கராந்தி, சாயங்காலம் வானம் முழுக்கப் பட்டம். சூரியன் இறங்குகிற நேரத்தில் பட்டத்தின் நிறமே தெரியாது, எல்லாம் கறுப்பாகச் சின்னச் சின்ன ஓட்டை போட்டதுபோல் இருக்கும். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பயல் மாஞ்சா நூலில் விரலை அறுத்துக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட, "அண்ணே, நூலைக் கொஞ்சம் பிடிங்க, விட்டுராதீங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டுப்போட ஓடினான். சூரியன் விழுந்ததை அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை. பட்டத்தைக் காப்பாற்றினேன்.

அந்தேரி வாடகை வீடு:

கில்பர்ட் ஹில் போயிருக்கிறீர்களா? அந்தேரி மேற்கில் குடியிருப்புகளுக்கு நடுவே அறுபது மீட்டர் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக ஒரு கரும்பாறை. ஆறரைக் கோடி வருஷத்துக்கு முந்தைய எரிமலைக் குழம்பு இறுகி நின்றது. பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள், மேலே காவ்தேவி கோவில். கடல் ஒரு கோடாகத்தான் தெரியும், சூரியன் கட்டடங்களுக்குள்தான் விழும். ஆனால் காற்று பிரமாதம். மாமனாருக்கு முட்டி வலி இருந்தால் வேண்டாம்.

செம்பூர் ரிடையர்டு:

நாகப்பட்டினத்துக்காரர் கேள்வி சாதாரணமானதல்ல. நம் அகத்திணை இலக்கணத்தில் நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் சூரியன், பாடு என்றால் விழுதல். பொழுது சாயும் நேரம். பள்ளியில் படித்தபோது எனக்கு இது இடித்துக்கொண்டே இருந்தது. நான் பிறந்தது கடலூர், அங்கே சாயங்காலம் சூரியன் ஊர்ப்பக்கம் அல்லவா போகிறது, கடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று. வாத்தியாரைக் கேட்டேன், உட்காரச் சொன்னார்.

1986ல் மாற்றலாகி இங்கே வந்து, வொர்லி சீ பேஸில் முதல்முறை பார்த்தபோதுதான் சேரநாட்டுக் கரையும் அன்றைக்குத் தமிழ்க்கரைதானே என்று உறைத்தது. தொண்டியும் முசிறியும் மேற்கைப் பார்த்த துறைமுகங்கள். அங்கே நின்று படகுக்காகக் காத்திருந்தவளுக்கு எற்பாடு கண்ணெதிரே கடலில் நடந்திருக்கும். இது என் ஊகம்தான், புலவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். கிழக்குக் கரையிலும் நெய்தலுக்குக் கடல் மட்டும் சொந்தமில்லை, கழியும், கானல் என்கிற கடற்கரைச் சோலையும் உண்டு.

மும்பையின் கிழக்குக் கரையில் இருக்கும் ஷிவ்ரி பற்றி ஒரு வார்த்தை: அங்கே சூரியன் முதுகுக்குப் பின்னால்தான் விழும். ஆனால் முன்னால் சேற்றில் பூநாரைகள், மே வரைக்கும் இருக்கும், மாலை வெயில் அவற்றின்மேல் விழும்போது நிறம் இரண்டு மடங்கு.

வசாய் லேடீஸ் டப்பா:

நான் சொல்லப்போவதற்கு டிக்கெட் மட்டும் எடுத்தால் போதும். விரார் லோக்கலில் பயந்தர் தாண்டியதும் வசாய் கழிமேல் பாலம் வரும். டப்பாவுக்குள், அதாவது ரயில் பெட்டிக்குள், அதுவரைக்கும் சந்தைதான். ஒருத்தி மடியில் பட்டாணி உரிப்பாள், ஒருத்தி மாமியாரைப் பற்றிப் பேசுவாள், நின்றுகொண்டிருப்பவள் "எங்கே இறங்குவாய்" என்று சீட்டுக்குப் பேரம் பேசுவாள். வண்டி பாலத்தில் ஏறியதும் சக்கரத்தின் சத்தம் மாறும், தடதடப்பு போய் வெண்கலப் பாத்திரத்தைத் தட்டுவது மாதிரி. உடனே இடப்பக்க ஜன்னலில் நாலு தலை திரும்பும். சாமிக்குப் போட்ட பழைய பூவைத் தண்ணீரில் விடுபவர்கள் உண்டு. பட்டாணிக்காரி விரல் நுனியால் நெஞ்சைத் தொட்டுக்கொள்வாள், அப்புறம் மறுபடி பட்டாணி.

இரண்டு பாலம், நடுவில் பாஞ்சூ தீவு. என் ஆபீஸ் நேரத்துக்கு ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான் இது வாய்க்கும், மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும், மற்ற மாதங்களில் பாலத்துக்கு வருவதற்குள் இருட்டிவிடும். வாரநாளில் பெரியவரைக் கூட்டிவந்து தொலைத்துவிடாதீர்கள், நெரிசலில் அவருக்குச் சூரியன் தெரியாது, அக்குள்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பயந்தரில் ஆறரைக்கு மேல் ஏறுங்கள், நாய்காவில் இறங்கித் திரும்பிவிடுங்கள்.

முலுண்ட் மாப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை நரிமன் பாயின்ட் போனோம். குமாஸ்தா சொன்னது சொன்னபடியே நடந்தது. நல்ல செக்கச்செவேல் என்று இறங்கியது, நான்கு விரல் உயரத்தில் காணாமல் போயிற்று. மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வறுத்த கடலை வாங்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மாஹிம் போகலாம் என்றிருந்தது, மனைவியின் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆக மிச்சம் ஞாயிறு. தாதரில் மாறி, பயந்தர் போய், அங்கே ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறினோம். அவருக்கு இடப்பக்க ஜன்னல் கிடைத்தது. எதிரே இருந்த மராத்திக்காரப் பெரியவர் இவர் கழுத்தை நீட்டுவதைப் பார்த்துக் காலை மடக்கி வழிவிட்டார். சத்தம் மாறியது. மின்கம்பங்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கே ஓட, அந்தப் பக்கம் சூரியன் தண்ணீரின்மேல் உட்கார்ந்திருந்தது. மாமனார் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு தீவின் அலையாத்தி மரங்கள் வந்து மறைத்தன. "போச்சா?" என்றார். இரண்டாவது பாலம் வந்தபோது பாதிதான் மிச்சம் இருந்தது. அதுவும் கண்ணெதிரேயே உள்ளே போயிற்று.

நாய்காவில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தைக்குப் போன் போட்டார். "பாத்துட்டேன். ஆமா, விழுந்துச்சு. கடல்ல இல்ல, உப்பங்கழில." அந்தப் பக்கம் அத்தை என்னவோ கேட்டார். மாமனார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத நம்ம வேதாரண்யத்துலயே பாத்திருக்கலாம். மாப்ளகிட்ட சொல்லிராத."