லோரோங் கூலிட்டில் வாங்கிய வால்வு ரேடியோ

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு வால்வு ரேடியோ வாங்கினேன்; டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்களில் (வால்வு) ஓடும் பழைய வகை. பின்பலகையைக் கழற்றினால் விரல் தடிமனுக்குத் தூசி, ஓரத்தில் கரப்பான் முட்டை. ஆனால் வால்வுகள் ஆறும் இருந்தன: இசிஎச்81, இஎஃப்89, இபிசி81, இஎல்84, இஇசட்80, ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததைக் காட்டும் பச்சைக் கண்ணாக இஎம்80.

“போட்டுக் காட்டவா?” என்று விற்றவர் பிளக்கை எடுத்தார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். சில வருஷங்களுக்கு முன் பட்டர்வொர்த் மாமா வீட்டு ரேடியோவை அப்படித்தான் ஆசையாகச் செருகினேன். கொஞ்ச நேரம் பாடியது. அப்புறம் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் உள்தகடு சிவந்து, கருகிய வாடை வந்து, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே போய்விட்டது. மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதற்குக் காரணம் சுண்டுவிரல் கணு அளவு கெப்பாசிட்டர் ஒன்று. அவுட்புட் வால்வான இஎல்84-இன் கிரிடுக்கு (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) ஒலியை மட்டும் விட்டு, டிசி வோல்டேஜைத் தடுப்பது அதன் வேலை. உள்ளே இருக்கும் காகிதம் வயதாகி ஈரம் வாங்கிவிட்டால் டிசியும் கசியும். கிரிட் பாசிட்டிவ் ஆகும், வால்வு கட்டுக்கடங்காமல் கரண்ட் இழுக்கும். கடல் காற்றடிக்கும் ஊரில் பழைய காகிதக் கெப்பாசிட்டரை நான் நம்புவதே இல்லை.

இந்த முறை 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்துத்தான் கரண்ட் கொடுத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. சரி, பெரிய ஷார்ட் இல்லை. கரண்டை நிறுத்தி, அந்தக் கெப்பாசிட்டரின் கிரிட் பக்கக் காலை மட்டும் கழற்றி, மறுபடி கரண்ட் கொடுத்து அந்தக் காலில் மீட்டர் வைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 38 வோல்ட்! அதை எடுத்துவிட்டு 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் வைத்தேன். மற்ற காகிதக் கெப்பாசிட்டர்கள், பவர் பக்கத்து எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் மாற்ற இரண்டு வார இறுதிகள் ஆயின.

பகலில் மீடியம் வேவில் இரைச்சல்தான். வீட்டுக் கரண்டிலிருந்து பிரித்து வைக்கும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் உள்ள செட் என்பதை (இல்லாவிட்டால் ஷாக் அடிக்கலாம்) உறுதி செய்துகொண்டு, பின்னால் இருக்கும் கிராமபோன் சாக்கெட்டில் கைப்பேசியைக் கொடுத்து மின்னல் எஃப்எம் வைத்தேன். மாமா வந்து, ஸ்பீக்கரை மூடிய துணிக்குப் பக்கத்தில் காதை வைத்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய பெட்டி இன்னும் ஸ்டோரில் கிடக்கிறது. அதுவும் இஎல்84 செட்தான். 5 கிலோ ஓம் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.