அயர்லாந்து மரபிசையின் நேரடிப் பதிவுகள்: படிப்பகத்தில் கேட்க எவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்?

தக்கலை வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இசை கேட்பதற்கென்றே கூடுகிறோம். கச்சேரிகள், நாகஸ்வரம், கொடை விழாக்களில் பதிவான வில்லுப்பாட்டு என்று நமக்குப் பழகியவற்றையே இதுவரை கேட்டுவந்தோம். அடுத்த கூட்டத்துக்கு அயர்லாந்தின் மரபிசையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். வருபவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தேவாலயப் பாடகர் குழுவினரும்தான்; தாளம் அறிந்தவர்கள், பொறுமையும் உண்டு, ஆனால் கேட்டதையே திரும்பக் கேட்பதாகத் தோன்றிவிட்டால் தேநீர் குடிக்க எழுந்துவிடுவார்கள்.

நான் இதுவரை தேடிக் கேட்ட ஸ்டூடியோ பதிவுகள் மிகச் சுத்தமாக இருக்கின்றன. குறை என்று எதையும் சொல்ல முடியவில்லை, ஆனாலும் மனம் ஒட்டவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிய வில்லுப்பாட்டு ஒலிநாடாக்களில் குடமும் உடுக்கையும் துல்லியமாகக் கேட்டாலும், எதிரே ஆள் இல்லாததால் புலவரின் குரலில் ஒரு சோர்வு தெரியும் அல்லவா, ஏறக்குறைய அதே உணர்வுதான் இங்கும் எனக்கு ஏற்பட்டது. ஆகவே பேர்பெற்ற கலைஞர்கள் ஆட்களின் முன்னே வாசித்த, பாடிய பதிவுகளை அறிந்தவர்கள் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். கருவியிசையும் வேண்டும், வாய்ப்பாட்டும் வேண்டும். எல்லா மெட்டுகளும் ஒன்றுபோலவே என் காதில் விழுவது ஏன் என்பதையும் யாரேனும் விளக்கினால் நல்லது.

பறக்கை ரசிகர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது விளங்காதவரை எந்தப் பதிவைப் போட்டாலும் உங்கள் ஆட்கள் தேநீருக்கு எழுந்துவிடுவார்கள். இந்த இசையின் பெரும்பகுதி நடனத்துக்காக உண்டானது. ஒரு மெட்டுக்குப் பொதுவாக இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் எட்டு பார் (அதாவது எட்டுத் தாளக் கட்டங்கள்). இரண்டையும் இருமுறை வாசித்தால் 32 பார்களில் ஒரு சுற்று முடியும். அந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு, நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். நிரவலும் கற்பனை ஸ்வரமும் இதில் கிடையாது. மெட்டு அப்படியே இருக்கும்; நீண்ட ஸ்வரத்தை எப்படி அசைக்கிறார், வில்லை எந்த இடத்தில் திருப்புகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பவைதான் சுற்றுக்குச் சுற்று மாறும். ஆகவே முதல் சுற்றை மெட்டுக்காகவும் அடுத்த சுற்றுகளை வாசிப்பவருக்காகவும் கேட்கச் சொல்லுங்கள். நடன மெட்டு வகைகளில் ரீல் சதுச்ர நடை, ஜிக் திச்ர நடை என்றால் ஆசிரியர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஸ்லிப் ஜிக்கில் ஒன்பது எண்ணிக்கை வரும். அதைச் சங்கீர்ணம் என்று யாரேனும் சொல்லத் தொடங்கினால் அங்கேயே மறுத்துவிடுங்கள், அது மூன்று மூன்றாக மூன்று முறை நடப்பதே தவிர, நம் சங்கீர்ண சாபுவைப்போல நான்கும் ஐந்துமாகப் பிரிவதில்லை.

பதிவுகளில் முதலாவதாக நான் வைப்பது, நோயல் ஹில் கான்சர்டினாவும் (கையில் பிடித்து வாசிக்கும் சிறிய துருத்திப் பெட்டி) டோனி மக்மஹோன் அக்கார்டியனும் வாசித்து, 1985-இல் கேல் லின் நிறுவனம் வெளியிட்டது. கார்க் கவுண்டியில் நாக்நக்ரீ என்ற சிற்றூரின் பப் ஒன்றில், ஊர்க்காரர்கள் செட் நடனம் ஆடிக்கொண்டிருக்கும்போதே அது பதிவு செய்யப்பட்டது. (சிறந்த பதிவுகள் பல மதுக்கடையில் உருவானவை என்பதைப் பாடகர் குழுவினரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்பது உங்கள் பாடு.) அங்கே தனியாகத் தாளக்கருவி தேவைப்படவில்லை, ஆடுபவர்களின் காலடியே போதும், இவர்கள் கொஞ்சம் முடுக்கினால் கால்கள் முடுக்குவதும், கால்கள் அழுத்தினால் இவர்கள் அதன்மேல் சாய்ந்து வாசிப்பதும் தெளிவாகக் கேட்கும். இந்த இசை எதற்காக இந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை என் விளக்கத்தைவிட அந்தப் பதிவு நன்றாகச் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஃபிடில் (நம் வயலின்தான்) கலைஞர் மார்ட்டின் ஹேய்ஸும் கிட்டார் கலைஞர் டென்னிஸ் காஹிலும் சியாட்டில் நகரில் வாசித்து, 1999-இல் வெளியான நேரடித் தொகுப்பு. ஹேய்ஸ் கிளேர் கவுண்டியின் ஃபீக்கிள் பகுதிக்காரர். அவருடைய தந்தை டல்லா கெய்லி பேண்ட் என்னும் நடன இசைக் குழுவை நெடுங்காலம் நடத்தியவர். காஹில் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர், 2022-இல் மறைந்தார். இத்தொகுப்பில் ஒரே தடம் ஏறக்குறைய 28 நிமிடம் ஓடுகிறது. தாளமே இல்லாத மெதுவான மெட்டில் தொடங்கி, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பல மெட்டுகளைக் கடந்து, கேட்பவர் அறியாமலே வேகம் ஏறிக்கொண்டு போகும். காஹில் பல இடங்களில் ஓரிரு ஸ்வரங்களோடு நிறுத்திக்கொள்வார்; எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதை அறிந்த நல்ல மிருதங்கக்காரரைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அவரைப் பிடித்துப்போகும். 1920-களில் நியூயார்க்கில் மைக்கேல் கோல்மன் வாசித்த இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடமே இடம் இருந்தது. அந்த அளவுக்குள் அடங்கிய இசையை, ஓர் இரவுக் கூட்டத்தின் முன்னால் எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்று பார்த்திருக்கிறார்கள். இதைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் போடுங்கள்.

குளச்சல் கரையோரம்

பறக்கை ரசிகர் சொன்ன அந்த 28 நிமிடத் தடம் தொடங்குவது ‘போர்ட் ந பூக்கீ’ என்னும் மெட்டில். அது கெர்ரி கரைக்கு அப்பால் இருக்கும் பிளாஸ்கெட் தீவுகளைச் சேர்ந்தது. 1953-இல் பெரிய தீவின் கடைசிக் குடிகளும் வெளியேறியபின் அங்கே ஊர் என்று எதுவும் இல்லை. இரவில் கடலிலிருந்து இந்த மெட்டு மிதந்து வந்தது என்றும், அது மனிதர் பாடியதல்ல, ஆவிகள் பாடியது என்றும் தீவுக்காரர்கள் சொல்லிவந்தார்கள். திமிங்கிலத்தின் பாட்டுதான் படகின் அடி வழியாக அவர்கள் காதுக்கு எட்டியிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் ஒரு கருத்து எழுந்தது. மரச்சட்டத்தின்மேல் தார் பூசிய கித்தானை இழுத்துக் கட்டிய படகு என்பதால் அது நடக்கக்கூடியதே. எங்கள் ஃபைபர் வள்ளத்தில் படுத்தாலும் அடியில் தண்ணீர் தட்டுவது காதுக்குள்ளேயே கேட்கும். படிப்பகத்தில் இதை முன்னதாகச் சொல்லிவிட்டால், அந்த மெதுவான தொடக்கத்தை யாரும் பேசிக்கொண்டே கடத்திவிட மாட்டார்கள்.

மார்த்தாண்டம் செவி

பறக்கை அண்ணாச்சி சொன்ன இரண்டும் நல்ல பதிவுகள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கைதட்டலும் கூச்சலும் கேட்டால்தான் நேரடிப் பதிவு என்று கூட்டத்தினர் எண்ணிக்கொண்டு போய்விடக் கூடாது. எதிரே ஆடுபவர் எவரும் இல்லாமல், ஓர் அறைக்குள் ஒரே மூச்சில் பதிவானவற்றில் இந்த மரபின் தலைசிறந்த வாசிப்பு சில இருக்கின்றன. ஜானி டோரன் ஊர் ஊராக வண்டியில் போய், சந்தைகளிலும் குதிரைப் பந்தயங்களிலும் நின்றபடியே பைப் வாசித்துப் பிழைத்தவர். அவர் வாசித்த இல்யன் பைப்பை வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்கு அடியில் இருக்கும் துருத்தியே காற்றைத் தரும். மெட்டு வாசிக்கும் குழலைத் தவிர மூன்று சுருதிக் குழல்களும், மணிக்கட்டால் அழுத்தி ஒத்திசைவு சேர்க்கும் மூன்று குழல்களும் அதில் உண்டு. 1947-இல் டப்ளினில் நாட்டுப்புறவியல் ஆணையத்துக்காக கெவின் டானஹர் அவருடைய வாசிப்பை அசிட்டேட் தட்டுகளில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு டோரன் தங்கியிருந்த வண்டியின்மேல் ஒரு சுவர் சரிந்து விழுந்து, அவர் நடமாட முடியாமல் போனார். 1950-இல் இறந்தும் போனார். அந்தச் சில தட்டுகள் இல்லாவிட்டால் அவருடைய வாசிப்பு இன்று வாய்ச்சொல்லாக மட்டுமே இருந்திருக்கும். இரைச்சல் உண்டு, ஆனால் சந்தைக் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பிப் பழகிய கை எப்படி வாசிக்கும் என்பது முதல் பத்து நொடிகளிலேயே தெரிந்துவிடும்.

வாய்ப்பாட்டைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. ஷான் நோஸ் என்னும் பழைய முறைப் பாட்டில் பக்கவாத்தியம் இல்லை, கட்டாயமான தாளமும் இல்லை. சொல்லின் போக்கில் பாட்டு நகரும், அசைவுகள் அடிக்கு அடி மாறும். கேட்பவர்கள் நடுவில் ஒரு வார்த்தை சொல்லி ஊக்கப்படுத்துவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. பாடுபவரின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பற்றிக்கொண்டு மெல்லச் சுழற்றுவதும் உண்டு. வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுபவர் இல்லாமல் கதை நகராது என்பதை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கானமாராவின் கார்னா பகுதியில் 1919-இல் பிறந்த ஜோ ஹீனியைத் தேடுங்கள். நியூயார்க்கில் குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் வாயில் காவலராக வேலை பார்த்தவர், பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1984-இல் சியாட்டிலில் மறைந்தார். அங்கே அவர் ஆட்களின் முன்னே பாடிய பதிவுகள் இருக்கின்றன. பாட்டுக்கு முன்னால் அதன் கதையைச் சொல்லிவிட்டுப் பாடுவார் என்பதால், மொழி தெரியாதவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

எலிசபெத் குரோனின் என்பவர் பாடியதையும் விட்டுவிடாதீர்கள். 1951-இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அயர்லாந்துக்கு வந்தபோது கார்க்கின் மேற்குப் பகுதியில் பதிவு செய்தது. லோமாக்ஸ் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கேட்கலாம். எழுபது வயதைக் கடந்தவரின் குரல், ஆனால் சொல் ஒன்றுகூடத் தடுமாறாது.

தக்கலை வாசகன்

மூவருக்கும் மிக்க நன்றி. டோரனையும் ஹீனியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். பிளாங்ஸ்டி, பாத்தி பேண்ட் போன்ற மேடைக் குழுக்களின் நேரடிப் பதிவுகளையே பலரும் முதலில் பரிந்துரைக்கிறார்கள். அவற்றை நீங்கள் யாரும் சொல்லாததற்குக் காரணம் உண்டா? படிப்பகத்தில் இருப்பது கையடக்கமான சிறிய புளூடூத் ஸ்பீக்கர் மட்டுமே, அது போதுமா?

பறக்கை ரசிகர்

தம்பி, மார்த்தாண்டத்துக்காரர் சொன்னதை ஏற்றுக்கொண்டே மேலே செல்கிறேன். டோரனுக்கு எதிரே ஆள் இல்லாவிட்டாலும் அவர் வாசித்தது இல்லாத சந்தைக்குத்தான் என்பது என் எண்ணம், அதை வேறொரு நாள் வழக்காடலாம்.

மேடைக் குழுக்களை விலக்க வேண்டியதில்லை, பின்னால் வைத்தால் போதும். ஃபிடிலும் பைப்பும் குழலும் மரபில் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பவை. கிட்டாரும், கிரேக்கத்திலிருந்து வந்த புசூக்கி என்னும் தந்திக் கருவியும் சேர்ந்து அடியில் ஒத்திசைவு போடுவது 1960-களுக்குப் பிறகு வேரூன்றிய பழக்கம். அதை முதலில் கேட்டுவிட்டால் காது அந்த அடித்தளத்தையே பிடித்துக்கொண்டு மெட்டை விட்டுவிடும். பாத்தி பேண்ட் 1978-இல் பாரிஸில் வாசித்து அடுத்த ஆண்டு வெளியான தொகுப்பில், பேடி கீனனின் பைப்பும் மேட் மோலாயின் குழலும் கெவின் பர்க்கின் ஃபிடிலும் ஒன்றையொன்று துரத்தும் வேகத்துக்கு ஈடாக வேறெதையும் நான் கேட்டதில்லை. பிளாங்ஸ்டி நெடுங்காலம் பிரிந்திருந்து மறுபடி கூடி, 2004-இல் டப்ளினின் விகார் ஸ்ட்ரீட் அரங்கில் வாசித்தார்கள்; அதில் லியம் ஓ’ஃப்ளின் பைப்பில் வாசிக்கும் மெதுவான மெட்டு ஒன்று போதும், மற்றவற்றை நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறிய ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பைப்பின் மூன்று சுருதிக் குழல்களும் ஒரே ஸ்வரத்தை மூன்று ஸ்தாயிகளில் ஒலிப்பவை. வழக்கமான டி சுருதிக் கருவியில் அவற்றுள் அடியில் இருப்பது ஏறக்குறைய 73 ஹெர்ட்ஸ். கையடக்க ஸ்பீக்கரில் அது அநேகமாகக் கேட்கவே கேட்காது, மெட்டு மட்டும் அந்தரத்தில் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். பாடகர் குழுவினரிடம் கேட்டால் தேவாலயத்துப் பெட்டி ஸ்பீக்கர் ஒரு மாலைக்குக் கிடைக்காமல் போகாது. ஓ’ஃப்ளின் வாசித்து முடிக்கும்வரை மின்விசிறிகளையும் நிறுத்திவிடுங்கள், அதன் முனகல் சுருதியோடு சண்டை போடும். அத்தனை நேரம் வியர்த்தால் வியர்க்கட்டும்.