கையில் வந்த செஸ் ஆட்டத்தை விட்டுவிடுகிறாள்: ஒன்பது வயது மகளுக்கு அடுத்து என்ன சொல்லித் தருவது?

கும்பகோணத்து அம்மா கேட்கிறார்:

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஏழு வயதில் அவள் தாத்தா திண்ணையில் உட்கார வைத்துக் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தார். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) தெரியும், இரண்டு யானைகளைக் கொண்டு மேட் வைக்கத் தெரியும். வீட்டில் எல்லோரையும் தோற்கடித்துவிடுகிறாள். ஆனால் ஒரு வருடமாக அதே இடத்தில் நிற்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஒரு போட்டி. நான்காவது சுற்றில் இவளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். எதிரே இருந்த பையனிடம் வெறும் ராஜா. சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் சிப்பாய் ஈ7 கட்டத்தில், இவள் ராஜா ஈ6-இல், பையனின் ராஜா ஈ8-இல். அவனுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அரைப் புள்ளி. திரும்பி வரும்போது பாபநாசம் தாண்டும் வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் போகும் வகுப்பில் ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். சிசிலியன் என்ற ஓப்பனிங்கைப் பத்து நகர்த்தல் வரை ஒப்பிக்கிறாள். மீதி நேரம் போனில் மூன்று நிமிட ஆட்டங்கள். எனக்குக் காய்களின் பெயர் தெரியும், அவ்வளவுதான். நான் என்ன செய்ய முடியும்?

பாளையங்கோட்டை ஆசிரியர்:

அம்மா, அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட், அவள் நகர்த்தல்களை எழுதிய தாள், இருக்கிறதா? இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த மாதத்துக்கு அதுதான் உங்கள் மகளுக்குப் பாடப்புத்தகம்.

நான் கணித ஆசிரியர். பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன், இருபத்திரண்டு வருடமாக. அடிப்படையைத் தாண்டியதும் தேங்கி நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்கு அறிவு போதாமல் இல்லை; தங்கள் ஆட்டத்தைத் தாங்களே திரும்பிப் பார்க்க யாரும் உட்கார வைக்கவில்லை. இதைச் செய்ய உங்களுக்குச் செஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு மாலை, பலகையில் காய்களை அடுக்கச் சொல்லுங்கள். ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து அவளே ஒவ்வொரு நகர்த்தலாக வைக்கட்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்து ஒரே கேள்வி கேளுங்கள்: “இங்கே என்ன நினைத்தாய்?” சரி, தவறு என்று எதுவும் சொல்லாதீர்கள். அவள் சொல்வதை அந்தத் தாளின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். “எதுவும் நினைக்கவில்லை” என்று சொல்லும் இடங்கள் வரும். அவைதான் நமக்கு வேண்டிய இடங்கள்.

கையெழுத்தையும் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். முப்பது நகர்த்தல் வரை குண்டு குண்டாக எழுதியிருப்பார்கள்; திடீரென்று எழுத்து சாய்ந்து, கோட்டை விட்டு இறங்கும். அங்கே பிள்ளை அவசரப்பட்டிருக்கிறது, அல்லது ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறது. எஞ்சினை, அதாவது சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலை, அப்போதே திறக்க வேண்டாம். அது விடையைச் சொல்லிவிடும். அவளுக்கு யோசிக்க எதுவும் மிஞ்சாது.

அடுத்தது, அந்த ஸ்டேல்மேட். அவளுக்கு இப்போது வேண்டியது சிசிலியன் இல்லை, ராஜா-சிப்பாய் இறுதிக்கட்டம். இதைப் பலகையில் வையுங்கள்: வெள்ளை ராஜா ஈ4, வெள்ளைச் சிப்பாய் ஈ2, கறுப்பு ராஜா ஈ6. வெள்ளையின் முறை. சிப்பாயை ஈ3-க்கு ஒரே ஒரு கட்டம் நகர்த்தினால் வெற்றி. ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கின்றன, இப்போது நகர வேண்டியது கறுப்பு. அது விலகித்தான் ஆக வேண்டும். விலகிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக வெள்ளை ராஜா முன்னேறும். இனி எல்லாவற்றையும் அப்படியே வைத்து, சிப்பாயை மட்டும் தொடக்கத்திலேயே ஈ3-இல் வையுங்கள். அதே வெள்ளையின் முறை. இப்போது சிப்பாய்க்கு முன்னால் சொந்த ராஜாவே நிற்பதால் கையிருப்பில் ஒரு நகர்த்தலும் இல்லை. வெள்ளை ராஜாதான் விலக வேண்டும். கறுப்பு சரியாக ஆடினால் சமன். ஒரு கட்டம், அரைப் புள்ளி. இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் அம்மா! ராஜா முன்னே, சிப்பாய் பின்னே என்பது அதற்குப் பிறகு மறக்காது.

இதெல்லாம் சின்னப் பிள்ளைப் பாடம் என்று யாராவது சொன்னால் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்லுங்கள். உலகப் பட்டத்தின் பதினான்காவது ஆட்டம், சமனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரன் யானையை எஃப்2-இல் வைத்தார். எதிரே ஆடிய குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு, தன் மந்திரியை (பிஷப்பை) டி5-க்குக் கொண்டுவந்தார். மூலையில் ஏ8-இல் நின்ற டிங்கின் மந்திரி தப்ப வழியில்லாமல் அதுவும் மாறியது. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும். 58 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. அந்தச் சிப்பாய் இறுதிக்கட்டம் தனக்கு வெற்றி என்பதைக் குகேஷ் கண்டுகொண்டார்.

மூன்று நிமிட ஆட்டத்தைப் பள்ளி நாட்களில் மூட்டை கட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு ஆட்டம், ஆளுக்கு அரை மணி நேரம், எழுதிக்கொண்டே ஆடட்டும். யோசிக்கும்போது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாங்கள் ஆடிய காலத்தில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு நகர்த்துவோம், நிதானம் வரும். இப்போது விதி அதை அனுமதிப்பதில்லை. நகர்த்திய பிறகுதான் எழுத வேண்டும். அதனால் கை அடங்கியிருக்கப் பழக்குவது இன்னும் அவசியம்.

திருச்சி மாணவி:

ஆசிரியர் ஐயா சொன்ன மற்றதெல்லாம் சரி. போன் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. சிறிய ஊரில் இருக்கும் பெண் பிள்ளைக்கு வாராவாரம் பலமான எதிராளி எங்கே கிடைப்பார்? என் ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. போனைப் பறிக்காமல் நேரத்தை மாற்றுங்கள். லிச்செஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. அதில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல் என்று வைத்து ஒரே ஒரு ஆட்டம். முடிந்ததும் பலகையில் திரும்ப ஆடிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, அக்கா. சுற்று முடிந்து அவள் கதவைத் தாண்டி வெளியே வரும்போது, “என்ன ஆயிற்று?” என்று கேட்காதீர்கள். என் அப்பா தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டுவார். தோற்ற நாளில் நானாகவே பேச ஆரம்பிக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை அவர் எனக்குக் கொடுத்ததால்தான் கல்லூரி வரை விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா நகர் தந்தை:

ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சீக்கிரம் அந்தக் கவலை வரும், அதனால் இப்போதே சொல்கிறேன். 2024 மார்ச் முதல் ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1400-இல்தான் தொடங்குகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2300-ஐத் தொடும் வரை ஏற்ற இறக்கக் கணக்கு 40. அதாவது தனக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரிடம் ஒரு ஆட்டம் தோற்றால் 20 புள்ளி போய்விடும், ஜெயித்தால் 20 வரும். என் மகனுக்கு ஒரே போட்டியில் எண்பதுக்கு மேல் போனது. நான் முகம் சுளித்தேன். அவன் இரண்டு மாதம் பலகையைத் தொடவில்லை. அந்த எண்ணைப் பிள்ளை முன்னால் பேசாதீர்கள்.

எஞ்சின் பற்றி ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். குகேஷுக்குச் சிறு வயதில் பயிற்சி தந்த விஷ்ணு பிரசன்னாவும் அவரைப் பல ஆண்டுகள் எஞ்சின் இல்லாமல்தான் வளர்த்தார்.

கும்பகோணத்து அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை உட்கார்ந்தோம். ஸ்கோர் ஷீட் அவள் பையில் ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் நான்காக மடிந்து கிடந்தது. ஐயா, நீங்கள் சொன்னபடியே 41-ஆவது நகர்த்தலில் எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருந்தது. “இங்கே என்ன நினைத்தாய்?” என்று கேட்டேன். “அந்தப் பையன் அழுகிற மாதிரி இருந்தான், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்” என்றாள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

47-இல் சிப்பாயை ஈ2-இலிருந்து ஈ4-க்குத் தள்ளியிருக்கிறாள். அந்த இடத்தில் நான் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிப்பாயைத் திரும்ப ஈ2-இல் வைத்துவிட்டு, “தாத்தா, கறுப்பு ராஜாவுக்கு நீங்கள் வாருங்கள்” என்று திண்ணையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.