555: ஐந்தாம் காலில் கெப்பாசிட்டர் வேண்டுமா, வேண்டாமா?

ஈயப்புகை: சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில், 555 என்ற டைமர் சிப்பை வைத்து எல்இடியைச் சிமிட்ட வைக்க ஒரு புதியவர் முயன்றிருக்கிறார். அவுட்புட் மேலேயே நிற்கிறதாம், இறங்கவே இல்லையாம். அதற்குக் கணக்கன் சொன்ன யோசனை: "5-ஆம் காலைச் சும்மா விடுங்கள், சிமுலேஷனுக்கு அங்கே மின்னூட்டம் சேமிக்கும் கெப்பாசிட்டர் எதற்கு?" படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சிப்போடு வரும் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டில் 0.01 மைக்ரோஃபாரட் என்று போட்டிருப்பது அழகுக்கா?

கணக்கன்: சப்ளை வோல்டேஜில் வரும் இரைச்சலை, அதாவது சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தை, அடக்கத்தான் அது. சிமுலேட்டரில் 9 வோல்ட் என்றால் 9 வோல்ட்தான், இரைச்சல் எங்கிருந்து வரும்? உள்ளே மூன்று 5 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இருக்கின்றன. அவை 9 வோல்ட்டை மூன்றாகப் பங்கிடுவதால் 5-ஆம் காலில் 6 வோல்ட் தானாகவே நிற்கும். 555 என்ற பெயரே அதனால் வந்ததுதானே.

ஈயப்புகை: பெயரிலும் கோட்டை விட்டீர்கள்! அதை வடிவமைத்த ஹான்ஸ் கமென்சிண்டே, சும்மா வைத்த எண் என்று சொல்லிவிட்டார். மவுஸைத் தவிர வேறெதையும் சூடாக்கிப் பழக்கம் உண்டா உங்களுக்கு? 0.01 போடுங்கள்.

புதியவன்: ஐயா, போட்டேன். அப்படியேதான் இருக்கிறது. ஆர்1 10 கிலோஓம், ஆர்2 68 கிலோஓம், டைமிங் கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட். 2-ஆம் காலையும் 6-ஆம் காலையும் சேர்த்தாயிற்று, 4-ஆம் கால் சப்ளையில். 10 மில்லிசெகண்ட் ஓட்டிப் பார்த்தேன்.

ஈயப்புகை: போட்டது 0.01-ஆ, 0.1-ஆ? அதைச் சொல்லுங்கள் முதலில்.

எட்டுக்கால்: 10 மில்லிசெகண்டா! அந்த மதிப்புகளுக்கு ஒரு சுற்றே கிட்டத்தட்ட 1 நொடி. முதல் தடவை கெப்பாசிட்டர் காலியாக இருப்பதால், சப்ளை வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு ஏறவே 0.86 நொடி ஆகும். அதுவரை அவுட்புட் மேலேதான் நிற்கும். 3 நொடி ஓட்டுங்கள்.

ஈயப்புகை: இங்கே நேரத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? பேச்சு 5-ஆம் காலைப் பற்றி.

எட்டுக்கால்: சிப்புக்கு எட்டுக் கால். நீங்கள் பிடித்த முயலுக்கு மட்டும் ஒரே கால்.

ஈயப்புகை: போன மாதம் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி சிப்பில் பிளஸ், மைனஸை மாற்றிப் போட்டது யார் என்று நினைவிருக்கிறதா?

எட்டுக்கால்: அது படத்தில் வந்த பிழை. அன்றே திருத்திவிட்டேன்.

ஈயப்புகை: திருத்தியது நான் சொன்ன பிறகு.

கணக்கன்: இரைச்சல் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

ஈயப்புகை: டேட்டாஷீட் எழுதியவரிடம் போய்க் கேளுங்கள்.

புதியவன்: 3 நொடி ஓட்டினேன், சிமிட்டுகிறது! எல்லோருக்கும் நன்றி.

ஈயப்புகை: பார்த்தீர்களா? 0.01 போட்டதும் வேலை செய்கிறது.

கணக்கன்: தம்பி, அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

ஈயப்புகை: கழற்றாதீர்கள்.