வில்லியம் கோபல்லாவவை அரசியல்வாதி எனலாமா?

வெள்ளவத்தை ஆசிரியை:
உயர்தர வகுப்பு மாணவர்களுக்காக, 1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசானபோது முதலாவது ஜனாதிபதியான வில்லியம் கோபல்லாவ குறித்து ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாத்தளையில் பிறக்கிராசியாகத் தொழில் பார்த்து, பாராளுமன்றத்தில் ஒரு நாளும் அமராமலே நாட்டின் தலைவரானவருக்கு ‘அரசியல் வாழ்க்கை’ என்று தலைப்பிடுவது பொருந்துமா?

மாத்தளையான்:
நகர சபை அளவில் பொருந்தும். மாத்தளை நகர சபைக்குத் தலைவராக இருந்த அவர், பின்னர் கண்டியிலும் கொழும்பிலும் மாநகர ஆணையாளரானார்; அவை சம்பள உத்தியோகங்கள். சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதுவராக இருந்தபின், 1962 ஜனவரிச் சதி முயற்சியை அடுத்து சேர் ஒலிவர் குணதிலக்க விலகிய இடத்துக்கு, பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கம் அவரை மகாதேசாதிபதியாக, அதாவது எலிசபெத் இராணியின் பிரதிநிதியாக, கொண்டுவந்தது. அம்மையாரின் சகோதரர் கோபல்லாவவின் மகளை மணந்த மருமகன் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அதை மறைத்தால் கதை பாதிதான். மகாதேசாதிபதியின் சீருடையை ஒதுக்கிவிட்டு அவர் தேசிய உடையிலேயே வைபவங்களுக்கு வந்தார்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
‘பிறக்கிராசி’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் சேர்த்துவிடுங்கள், இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மேல் நீதிமன்றங்களில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரரைச் சந்தித்து வழக்குப் பத்திரங்களைத் தயாரிப்பவர் பிறக்கிராசி. கோபல்லாவ ஜனாதிபதியாக இருக்கையிலேயே, 1974இல், இரு பிரிவும் ஒன்றாகி எல்லோரும் சட்டத்தரணிகள் ஆயினர்.

பழைய சட்டக்கல்லூரி மாணவன்:
என் பார்வையில் தலைப்பைவிட அதிகாரமே முக்கியம். பிரதமர் பெயர் குறித்து நியமித்த அந்த ஜனாதிபதிக்கு, சட்டமூலங்களுக்கு ஒப்புதல் வழங்கும் வேலைகூட இருக்கவில்லை. அன்றைய பாராளுமன்றமான தேசிய அரசுப் பேரவை நிறைவேற்றியதற்குச் சபாநாயகர் சான்றுரை எழுதியவுடன் அது சட்டமானது. 1972 வரை நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்திருந்த சிறுபான்மைக் காப்பு புதிய யாப்பில் கைவிடப்பட்டதும், இன்னொரு சட்டத்தரணியான தமிழ்த் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அதை எதிர்த்து 1972 ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். அந்த வாதத்தில் நம்மவர்கள் கோபல்லாவவின் பெயரை எடுப்பதேயில்லை. எடுத்து என்ன பயன்? முடிவுகள் அவரிடம் இருக்கவில்லை. 1978 பெப்ரவரி 4ஆம் திகதி காலிமுகத்திடலில் ஜே. ஆர். ஜயவர்தன சத்தியப்பிரமாணம் செய்தபோது பதவியின் பெயர் அதேதான்; ஆனால் அமைச்சரவையின் தலைமையும் நிறைவேற்று அதிகாரமும் அன்றுதான் அந்த நாற்காலிக்கு வந்தன.